கட்டளையும் கொடையும்
(டாட்டா குடும்ப அறங்கள்: ஒரு வரலாற்று நோக்கு)

'அறக்கட்டளை' என்றதும் நம் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன கோயிற் கல்வெட்டுகளே. 96 ஆடுகளை அளித்து நந்தாவிளக்கு எரியச் செய்தனர் சோழர் காலக் கொடையாளர். கொடுத்தவர் மறைந்தபின்னும் அவர்தம் கட்டளை நின்றது. விளக்குக்கென ஈந்தது விளக்குக்கே உரியதாயிற்று. மும்பை மாநகரில் வாழும் நாம் வேறொரு வகைக் கட்டளையையும் கண்டுவருகிறோம். தலைமுறைதோறும் எல்லை விரிந்துகொண்டே சென்ற கட்டளை அது.

நவசாரியிற் பிறந்த ஜாம்ஷெட்ஜி டாட்டா, அயல்நாடு சென்று உயர்கல்வி பயில்வோர்க்குக் கடனுதவி வழங்க 1892-இல் ஒரு நிதியம் கண்டார். முதலில் பார்சி மாணவர்க்கென அமைந்த அது, ஈராண்டுகளுக்குள் இந்தியர் அனைவர்க்கும் உரியதாயிற்று. அவர் கனவு கண்ட பெங்களூர் அறிவியல் கழகம், அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1909-இல் உருப்பெற்றது.

இளைய மைந்தர் ரத்தன், தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போருக்கும் பாடலிபுத்திர அகழாய்வுக்கும் பொருள் ஈந்தார். 1918-இல் அவர் மறைய, அடுத்த ஆண்டே அவர் பெயரால் அறக்கட்டளை எழுந்தது.

மூத்தவர் தோராப்ஜியின் வரலாறு உருக்கமானது. 1924-இல் எஃகாலை நொடியும் நிலையுற்றபோது தம் சொத்து முழுவதையும், மனைவி மெஹர்பாயின் 245 காரட் 'ஜூபிலி' வைரத்தையும் ஈடாக வைத்து அதனைக் காத்தார். 1931-இல் இரத்தப் புற்றுநோய் அவ்வம்மையாரைக் கவர்ந்தது. மக்கட்பேறு இல்லாத தோராப்ஜி, மறு ஆண்டு அந்நோய் பற்றிய ஆய்வுக்கென மனைவி பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். தம் செல்வம் முழுவதையும் மற்றோர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். நாடு, இனம், சமயம் என்னும் வேறுபாடு கருதாது கல்வி, ஆய்வு, துயர்துடைப்பு ஆகியவற்றுக்குச் செலவிடுக என்பதே அதன் நெறி. அவ்வாண்டு ஜூன் திங்களில் அவரும் மறைந்தார். அவ்வைரமும் பின்னர் விற்கப்பட்டு அறநிதியிற் சேர்ந்தது.

தோராப்ஜி அறக்கட்டளையின் துணையால் 1936-இல் சமூகப்பணிக் கல்லூரியும், 1941-இல் பரேலில் புற்றுநோய் மருத்துவமனையும், 1945-இல் ஹோமி பாபாவின் அடிப்படை ஆய்வு நிறுவனமும் தோன்றின. மருத்துவமனை 1957-இல் நடுவண் அரசின்பால் ஒப்படைக்கப்பெற்றது. வளர்த்த மகளை உரிய காலத்தில் மணமுடித்து அனுப்பும் தந்தையின் பெருமிதத்தை ஈண்டு நாம் காண்கிறோம்.

எல்லை விரிந்த கொடைக்கு இடரும் உண்டு. இன்று டாட்டா சன்ஸ் நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதி இக்குடும்ப அறக்கட்டளைகளிடமே உள்ளது. பெருஞ்செல்வத்தை ஆள்வோர்க்கு அறத்தினும் அதிகாரம் இனிதாகத் தோன்றலாம். கல்வெட்டு விளக்கைக் காத்தது. இவ்வறத்தைக் காக்க வேண்டியது பொறுப்பாளர்தம் மனச்சான்றே.

பரேல் மருத்துவமனைக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். நம் ஊர்களிலிருந்து வருவோர்க்கு மொழித்துணையாக நம்மவர் உடன் செல்வதுண்டு. அங்கு நிற்போருள் பலர் மெஹர்பாய் என்னும் பெயரையே கேட்டிரார். கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மகவின்றி மறைந்த இருவரின் துயரம், பெயரறியாதார் பலர்க்கு மருந்தாயிற்று. கொடைக்கு இதனினும் சிறந்த பயன் யாது?