தவளைக் காலும் அரை நூற்றாண்டும்

கிணத்துல நீச்சல் பழகின ஆள் நான். தலையைத் தூக்கிக்கிட்டேதான் நீந்துவேன். ட்ரையத்லான் ஆசையில் 1.5 கிலோமீட்டர் நீந்திக் கரையேறினால் காலில் தெம்பே இல்லை. இன்னும் 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் பாக்கி! அப்போதான் இந்தப் பழைய கதை ஞாபகம் வந்தது.

1844, லண்டன். அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் நீச்சல் போட்டியில் இறங்கினார்கள. ஜெயித்தவர் பெயருக்கு 'பறக்கும் கடற்புறா' என்று அர்த்தம். கையை மாற்றி மாற்றி வீசி, காலை அடித்து, 130 அடியை 30 வினாடியில் கடந்தார். ஆங்கிலேயர்களுக்கு அது நாகரிகமாகப் படவில்லை. தண்ணி தெறிக்குதாம்! தவளை நீச்சலையே பிடித்துக்கொண்டார்கள்.

1873இல் ட்ரட்ஜன் என்பவர், தென் அமெரிக்காவில் கற்ற கைவீச்சை இங்கிலாந்துப் போட்டியில் காட்டினார். ஆனா கால் மட்டும் பழைய மாதிரியேதான். 1900ஐ ஒட்டி, சிட்னியில் சாலமன் தீவுக்காரர் அலிக் விக்காமும் கேவில் சகோதரர்களும் நீந்திக் காட்டிய பிறகுதான், காலை மேலும் கீழும் அடிக்கும் 'கிரால்' பரவியது. அதே சிட்னியில்தான் 2000இல் ட்ரையத்லான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

பலத்தைக் கூட்டாதே, தண்ணீரின் தடையைக் குறை என்பதுதான் பயிற்சியாளர் டெர்ரி லாஃப்லின் சொல்லிக்கொடுத்த முறை. தலையைத் தூக்கினால் கால் தாழும், தடை கூடும். இப்போ முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு, தரையைப் பார்த்து, காலை லேசா அடிக்கிறேன். மூச்சுக்குத் தலையைத் தூக்காம பக்கவாட்டில் திருப்பணும். அதுதான் இன்னும் சரியா வரலை. பழகின பழக்கத்தை விட அவங்களுக்கே அரை நூற்றாண்டு ஆச்சு. எனக்கு ஒரு வருஷமாவது கொடுங்க!