மயிற்பொறி முதல் மர விமானம் வரை

நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து படைக்குப் போனவர்களின் பெருமை வீட்டுக்கு வீடு தெரிந்தது, அதை விரிக்கவில்லை. ஓய்வுபெற்ற கடற்படையினர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கும் மர விமானத்தைப் பற்றியே என் பேச்சு.

பறக்கும் பொறி தமிழ்க் கைவினைஞனுக்குப் புதிதன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி செய்விக்கிறான். துணி, நூல், அரக்கு, மெழுகு என்று அதற்கு வேண்டிய பொருள்களையும் தேவர் விடாமல் சொல்கிறார். கருவுற்ற அரசி அதிலேறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். கொங்குவேளிரின் பெருங்கதையிலோ, வீரர் உள்ளே ஒளிந்திருக்கும் யானைப்பொறி வருகிறது. இவற்றுக்கெல்லாம் முந்தியது புறநானூற்றின் 27ஆம் பாட்டு. செலுத்துவோன் இல்லாமலே செல்லும் வானூர்தியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு எடுத்துரைக்கிறார். புலவர் பாடும் புகழுடையோர் ஏறும் ஊர்தி அது. இன்று உச்சிப்புளியின் ஐ.என்.எஸ். பருந்து தளத்திலிருந்து ஆளில்லா விமானங்கள் பாக் நீரிணையைக் காவல் காக்கின்றன. இரண்டையும் இணைப்பது பொருந்தாது என்று அறிவியல் ஆசிரியர்கள் கடிந்துகொள்ளலாம். கற்பனை முந்திக்கொண்டது என்ற அளவில் எனக்குப் பெருமைதான்.

நம் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் கொடையைச் சொல்லுமுன் குலமுறையைச் சொல்கின்றன. மகாபாரதத்தைத் தமிழாக்கியது, மதுரையில் சங்கம் வைத்தது என முன்னோர் சிறப்பை அடுக்கிய பிறகே பெரிய செப்பேடு இராசசிம்மனிடம் வருகிறது. மர விமானத்தின் பீடத்தில் எழுதும் வாசகத்துக்கும் அந்த முறை வேண்டும். கடற்படையின் 312ஆம் படையணியை எடுத்துக்கொள்வோம். 1976இல் அதன் விமானம் சூப்பர் கான்ஸ்டலேஷன். 1988இல் சோவியத் நாட்டு டியூ-142. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமன் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தைத் தொடங்கிவைத்தார். படையணி அங்கே குடியேறியது. 2013 மே மாதம் போயிங் பி-8ஐ வந்து சேர்ந்தது. 2017 மார்ச் 29 அன்று டியூ-142 விடைபெற்றது. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

மரம் பற்றி ஒரு சொல். கோயில் தேருக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு. இச்சிறு வேலைக்குக் குமிழே போதும். இலேசானது, உளிக்கு இணங்கும். டியூ-142இன் இறக்கை விரிவு ஏறத்தாழ 50 மீட்டர். நூறில் ஒரு பங்காக்கினால் அரை மீட்டர். எஞ்சின் நான்கு. ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள், விசிறிக்கு நான்கு இதழ்கள். ஆக முப்பத்திரண்டு இதழ்களையும் செதுக்காமல் பாதியோடு நிறுத்தினால் அது டியூ-142 ஆகாது. நம் பி-8ஐ விமானத்தின் வாலில், நீர்மூழ்கியின் காந்தத் தடத்தைத் தேடும் நீண்ட கோல் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏவில் அது இல்லை. அயல்நாட்டுப் படத்தைப் பார்த்துச் செதுக்குவோர் இந்தக் கோலை விட்டுவிடக்கூடும்.

கம்பம், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் ஆகிய ஊர்களில் வாழும் ஓய்வுபெற்ற கடற்படை அன்பர்களே! உங்கள் விமானத்தின் பீடத்தடியில் படையணி எண்ணையும், நீங்கள் பணியாற்றிய ஆண்டுகளையும், உடன் பறந்தவர் பெயர்களையும் எழுதி வையுங்கள். இறக்கை முறிந்தால் பரணில் போடாதீர்கள். கோயில் வாகனம் செதுக்கும் ஆசாரியிடம் கொடுத்துச் சீர்செய்துகொள்ளுங்கள்.