வளைமரத் தச்சு

வளைமரத் தச்சு என்பது மரத்தின் நார் அறுபடாமல் அதை வளைத்து நாற்காலி, ஊஞ்சல், கட்டில் முதலிய மரச்சாமான்களைச் செய்யும் தொழிலும் கலையும் ஆகும். ஆவியில் இளக்கி வளைப்பதையே இச்சொல் குறுகிய பொருளில் குறிக்கும். விரிந்த பொருளில், மெல்லிய மரத்தகடுகளை அச்சில் வைத்து ஒட்டி வளைப்பதும், பச்சை மூங்கிலையும் பிரம்பையும் தீயில் காட்டி வளைப்பதும், வளைந்தே வளர்ந்த கிளையைத் தேர்ந்தெடுத்து ஆள்வதும் இதில் அடங்கும். ஆவிமுறை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெருந்தொழிலாயிற்று. மதுரையும் அதைச் சுற்றிய வைகைச் சமவெளியும் மற்ற வழிகளில் நெடுங்காலம் தேர்ந்தவை.

மரம் வளையும் விதம்

மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இளகும். அந்நிலையில் வளைத்து, அச்சில் இறுக்கிக் கட்டி, உலரவிட்டால் மரம் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்டுவது பட்டறைகளின் பொதுக் கணக்கு. சூளையில் முற்றாகக் காய்ந்த பலகையைவிட, காற்றில் அரைகுறையாக உலர்ந்த பலகையே நன்றாக வளையும்.

இளகிய மரம் வளையும்போது உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நசுங்குவதை மரம் வெகுவாகப் பொறுத்துக்கொள்ளும். நல்ல மரம் தன் நீளத்தில் கால்பங்கு வரைகூட நசுங்கும். இழுபடுவதையோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் பொறுக்காது. அதனால் முறிவு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் தொடங்கும். வெளிமுகத்தில் எஃகுப் பட்டையைப் பொருத்தி இரு முனைகளையும் அடைத்து வளைத்தால், அந்த இழுவையைப் பட்டை தாங்கிக்கொள்ளும். ஆவித் தச்சின் அடிப்படை நுட்பம் இதுதான்.

பீச், ஆஷ், ஓக் ஆகிய குளிர்நாட்டு மரங்கள் இதற்குப் பேர்பெற்றவை. இந்திய மரங்களில் முசுக்கொட்டை நன்றாக வளையும்; பஞ்சாபின் ஜலந்தரில் ஹாக்கி மட்டையின் வளைந்த முனை அதில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டுத் தச்சர் போற்றும் தேக்கு அந்த அளவுக்கு வளைந்து கொடுப்பதில்லை. அதன் எண்ணெய்ப்பசை, தகடு ஒட்டும் வேலைக்கும் இடையூறு. ஒட்டுமுகத்தைத் துடைத்தெடுத்த பிறகே பசை பிடிக்கும்.

பழந்தமிழ்ச் சான்று

வளைந்த மரத்தைக் கலைப்பொருளாக்கிய பழைய தமிழ்ச் சான்று யாழ். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, ஆயன் ஒருவன் உட்டுளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டிய வில்யாழை விவரிக்கிறது. வழக்கொழிந்துபோன யாழின் அமைப்பை ஆராய்ந்து சுவாமி விபுலாநந்தர் எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது.

மதுரைச் சமவெளி வழக்குகள்

மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளின் தச்சர் வளைவைப் பெற, துண்டிணைப்பையும் செதுக்கலையும் சேர்த்து நான்கு வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது, வளைவை மரத்திலேயே தேடுவது. நாட்டுக் கலப்பையின் அடிக்கட்டைக்கு, வேண்டிய கோணத்தில் கவைத்து வளர்ந்த கருவேலங்கொம்பைத் தச்சர் தேடிப் பிடிப்பார். நேர்ப்பலகையில் அதே வடிவை அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். கொழு கல்லில் மோதும் இடத்தில் கட்டை பிளந்துவிடும். வளர்ந்த கொம்பிலோ நார் வளைவோடு ஓடுவதால் அது தாங்கும். தென்கடற்கரைத் தோணிகளின் வங்குக்கால் எனும் விலாச்சட்டங்களுக்கும் இவ்வாறே வளைந்த கட்டைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இரண்டாவது, துண்டுகளைச் சேர்த்து வட்டமாக்குவது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பு, வில்போல் அறுத்த பல வட்டைத் துண்டுகளால் ஆனது. ஆரக்கால்கள் அவற்றைக் குடத்தோடு பிணைக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மேலே ஏற்றி நீர் ஊற்றினால், பட்டா சுருங்கித் துண்டுகள் அனைத்தையும் ஒரே வட்டமாக இறுக்கிவிடும். பறையின் சட்டமும் இம்முறையில் ஆனதே: மூன்று மரத்துண்டுகள் உலோகத் தகடுகளால் இணைந்து வட்டமாகின்றன.

மூன்றாவது, பச்சையாக வளைப்பது. கூண்டு வண்டியின் மேற்கூரைக்கு மூங்கில் வளைகளை வண்டியின் இரு பக்கச் சட்டங்களிலும் செருகிக் கட்டி, மேலே பாய் வேய்வர். அழகர்கோவில் ஆடித் திருவிழாவுக்குத் தென்பகுதிக் கிராமத்தார் இத்தகைய வண்டிகளில் வந்து தங்கும் வழக்கம் மதுரைக்காரர் நன்கறிந்தது. பல்லக்குக்கு, மூங்கிலை வளரும்போதே கட்டி வளைத்து, முதிர்ந்தபின் வெட்டி, நடுவில் உயர்ந்த தண்டாக ஆண்டனர்.

நான்காவது, செதுக்கி வளைவைப் பெறுவது. தேர்ச் சிற்பம், வாகனம், தூண் போதிகை முதலியவற்றில் வளைவு உளியால் வருகிறது. மதுரையின் தேர்களும் கள்ளழகர் வைகையில் இறங்கும் குதிரை வாகனமும் இம்மரபைச் சேர்ந்தவை. வாகனத்தின் கழுத்தையும் கால்களையும் தனித்தனித் துண்டுகளாகச் செதுக்கி முளையடித்து இணைப்பது வழக்கம்.

வளைந்த மரம் இவ்வட்டாரத்தில் ஆயுதமாகவும் இருந்தது. வளைதடி எனவும் வழங்கிய வளரி, மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. மரத்தில் மட்டுமன்றித் தந்தத்திலும் இரும்பிலும் செய்யப்பட்டது. ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று பதிந்துள்ளார். கள்ளர் சமூகத் திருமணங்களில் வளரி மாற்றிக்கொள்ளும் சடங்கை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் குறித்தார்.

மேலைநாடுகளில் ஆவிமுறை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் கிராக் 1808இல் வளைமர நாற்காலிக்குக் காப்புரிமை பெற்றார். முதுகுச் சட்டமும் இருக்கையும் ஒரே மரக்கீற்றாக வளைந்து இறங்கும் நாற்காலி அது. வளைமரத் தச்சைப் பெருந்தொழிலாக்கியவர் ஜெர்மனியின் பொப்பார்ட் ஊரில் 1796இல் பிறந்த மிகேல் தோனெத். 1830களில் அவர் மரக்கீற்றுகளைக் கட்டாக்கிப் பசையில் வேகவைத்து வளைத்துப் பார்த்தார். 1842இல் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் ஆதரவில் வியன்னா சென்றார். 1853இல் தொழிலைத் தம் ஐந்து மகன்களின் பெயரில் நிறுவனமாக்கினார்.

பசை ஈரத்தில் விட்டுவிடுவதால், கப்பலில் தொலைநாடுகளுக்குப் போன நாற்காலிகள் பிரிந்தன. தகடுகளை விட்டு முழு மரத்தையே வளைக்கும் முயற்சிக்கு இது ஒரு காரணமாயிற்று. 1856இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பீச் மரக்காடுகள் நிறைந்த மொராவியாவில் ஆலைகள் எழுந்தன. 1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகளால் ஆனது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1869இல் காப்புரிமை முடிந்ததும் போட்டி ஆலைகள் பெருகின. 1930க்குள் இந்த ஒரு வகை மட்டும் ஏறத்தாழ 5 கோடி விற்றது.

20ஆம் நூற்றாண்டில் வளைவு மீண்டும் தகட்டுக்குத் திரும்பியது. பின்லாந்தின் அல்வார் ஆல்டோ 1930களின் தொடக்கத்தில் பைமியோ மருத்துவமனைக்காகச் செய்த நாற்காலியும், சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1940களின் நடுவில் செய்த ஒட்டுப்பலகை நாற்காலிகளும் வடிவமைப்பு வரலாற்றில் நிலைத்தவை. இன்று அயர்லாந்தின் ஜோசப் வால்ஷ் போன்றோர் தகடுகளை ஒட்டிச் சுருள வளைத்து, மரச்சாமானைச் சிற்பமாகவே ஆக்கியுள்ளனர்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

ஐரோப்பிய வளைமர நாற்காலிகளை மும்பையின் பழைய இரானி உணவகங்களில் இன்றும் காணலாம். அவற்றின் பிரம்பு பின்னிய இருக்கை இந்தியச் சூட்டுக்கு ஏற்றது. அரசு அலுவலக நாற்காலிகளிலும் அதே பின்னல் பரவியது. பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுதல் ஒரு கைத்தொழிலாகக் கற்பிக்கப்பட்டது.

மதுரைக்கு வடகிழக்கே செட்டிநாட்டு நகரத்தார், பர்மா வணிகத்தில் ஈட்டிய பொருளையும் பர்மாத் தேக்கையும் கொண்டு வீடு கட்டினர். அவ்வீடுகளின் நிலைகள், ஊஞ்சல், சாய்வு நாற்காலி ஆகியவற்றின் வளைவுகள் பெரும்பாலும் அறுப்பாலும் உளியாலும் வந்தவை. கனமான தேக்கு தாராளமாகக் கிடைத்த இடத்தில், சிறு மரத்தை வளைத்துச் சிக்கனம் காணும் தேவை எழவில்லை.

புதுச்சேரியில் 1930களில் தொடங்கி 1945இல் நிறைவடைந்த அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி மற்றொரு திருப்பம். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த அக்கட்டடத்தின் பணியை மேற்பார்க்க வந்த ஜார்ஜ் நகாஷிமா, அதற்கான தேக்கு மரச்சாமான்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில், மரத்தின் இயல்பான விளிம்பையும் வளைவையும் அப்படியே விட்டுச் சாமான் செய்த கலைஞராக அவர் புகழ்பெற்றார்.

தமிழ்நாட்டில் தீயால் வளைக்கும் மரச்சாமான் தொழில் பிரம்பில் நிலைத்திருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டம் கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் இதற்குப் பெயர்போன ஊர். பிரம்பை நெருப்பில் வாட்டி, சூடு ஆறும் முன் வளைத்து, ஆணியடித்து, மூட்டுகளைப் பிரம்பு நாரால் சுற்றி மறைக்கின்றனர். நாற்காலி, ஊஞ்சல், தொட்டில் ஆகியவை அவ்வூர்க் கடைகளின் முக்கியச் சரக்கு.

மதுரைச் செதுக்கு மரபின் பரவல்

மதுரையில் கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து வளர்ந்த மரச்செதுக்கு ‘மதுரைப் பாணி’ எனப் பெயர்பெற்றது. அரசுகள் வீழ்ந்து ஆதரவு குறைந்தபோது கலைஞர்கள் பிற ஊர்களுக்குப் பெயர்ந்தனர். அவற்றுள் ஒன்று கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சி மரச்செதுக்குக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலேயே அதைப் பெற்றிருந்தது. ஆக, மதுரைப் பகுதியில் சிற்பத்தன்மை கொண்ட மரச்சாமான் என்றால் அது செதுக்கப்பட்டதே.

இன்றைய நிலையும் மதிப்பீடும்

டயர் பூட்டிய வண்டிகள் வந்தபின் வட்டைச் சக்கரத் தச்சும், டிராக்டர் வந்தபின் கலப்பைத் தச்சும் சுருங்கின. அவற்றோடு, எந்தக் கொம்பு எதற்கு உதவும் என்று நின்ற மரத்தையே பார்த்துச் சொல்லும் பயிற்சியும் அருகி வருகிறது. கடைகளில் இன்று விற்கும் வளைந்த நாற்காலிகளுள் பெரும்பகுதி பிளாஸ்டிக்கும் இரும்புக்குழாயும் ஆனவை.

இந்நிலையில் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் மண்டிய சீமைக் கருவேலம் தனிக்கவனம் பெறத்தக்கது. நீர்நிலைகளைக் கெடுப்பதாகக் கருதப்படும் இம்மரத்தை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017ஐ ஒட்டி ஆணைகள் பிறப்பித்தது. வெட்டிய மரம் பெரும்பாலும் கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் போகிறது. ஆனால் இதன் வைரம் கனமும் உறுதியும் உடையது; உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். இதன் உறவினமான மெஸ்கீட் அமெரிக்காவின் டெக்சாஸில் விலையுயர்ந்த மரச்சாமானாகிறது. நேரான பலகை கிடைக்காத கோணல் மரம் என்பது ஆலைக்குத்தான் குறை. வளைந்த கொம்பைத் தேடி எடுத்த கலப்பைத் தச்சரின் வழிக்கு அதுவே மூலப்பொருள். மதுரைச் சமவெளியில் வளைமரச் சாமான் ஒரு கலையாக எழ வேண்டுமானால், இறக்குமதி பீச்சையும் ஆவிப்பெட்டியையும்விட இந்த மரமும் அந்தப் பழைய கண்ணுமே நம்பத்தக்க தொடக்கம்.