பட்டமும் அறிவும்: பௌபஜார் தெரு கூறும் பாடம்

கற்றவர் யார் என்று கேட்டால், நம்மிற் பலர் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளையே எண்ணிப் பார்க்கின்றோம். மகனுக்கு எத்தனை மதிப்பெண், மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் என்று வினவுகின்றோமேயன்றி, அவர்தம் உள்ளம் எதனை விரும்பித் தேடுகின்றது என்று வினவுவது அரிது. பிழைப்பு நாடித் தாயகம் விட்டு வந்த நமக்கு இஃது இயல்பே. தேர்வுச் சான்றே நமக்கு வேலை தந்தது. வேலையே இவ்வூரில் வேர் தந்தது. ஆயினும், சான்றும் அறிவும் ஒன்றுதானா என்ற வினாவை ஒதுக்கிவிடுதல் தகாது. வங்கத்தில் வாழும் தமிழராகிய நாம் அதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கல்கத்தா மாநகரில், பௌபஜார் தெருவின் 210ஆம் எண் இல்லத்தில் நிகழ்ந்த வரலாறே நல்ல விடை பகரும்.

அவ்வில்லத்தின் கதை ஒரு மருத்துவரிடமிருந்து தொடங்குகின்றது. மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவின் புகழ்பெற்ற மருத்துவர். அறிவியல் ஆய்வு வெள்ளையர்க்கே உரியது என்ற எண்ணம் பரவியிருந்த காலத்தில், இந்தியர் பொருளால், இந்தியர் நடத்தும் ஆய்வுக்கூடம் ஒன்று வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். ஊராரிடம் நன்கொடை திரட்டி, 1876ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அங்குச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன, கருவிகளும் வாங்கப்பெற்றன. ஆயின் அவற்றைக் கையாண்டு புதுமை காண்போர் மிகுதியாக வரவில்லை. அக்குறையுடனேயே அப்பெரியார் 1904இல் மறைந்தார். கதவைத் திறந்து வைப்பது ஒருவர் கடமை. அதனுள் யார் நுழைவார் என்பது காலத்தின் கையில் உள்ளது.

மூன்றாண்டுகளுக்குப் பின் அவ்வாயிலில் வந்து நின்றவர் ஒரு தமிழ் இளைஞர். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறியவர். உடல்நலக் குறைவால் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல இயலவில்லை. இந்தியருக்கு ஆராய்ச்சித் துறையில் வாழ்வு கிடைப்பது அரிதாயிருந்த நாள் அது. எனவே அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்று, 1907இல் கல்கத்தாவுக்குக் கணக்கு அதிகாரியாக வந்து சேர்ந்தார். டிராம் வண்டியிற் செல்லுகையில் கழகத்தின் பெயர்ப் பலகையைக் கண்டு இறங்கி உட்சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மகேந்திரலாலின் மகனாரும் கழகச் செயலாளருமான அமிர்தலால் அவரை மகிழ்ந்து வரவேற்றார். நெடுநாள் காத்திருந்த வீட்டுக்கு உரியவர் வந்துவிட்டார்!

அன்று முதல் பத்தாண்டுக் காலம் இராமனின் நாள் இரு கூறாயிற்று. பகலில் பேரேடும் வரவு செலவும். விடியலிலும் இரவிலும் ஆய்வுக்கூடம். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. மாற்றல் ஆணையின் துன்பத்தை இரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் அவர் ஆர்வம் அறுபடவில்லை. 1911இல் கல்கத்தாவுக்கு மீண்டதும் ஆய்வு தொடர்ந்தது. 1917இல், அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, ஏறத்தாழப் பாதி ஊதியத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அயல்நாட்டுப் பயிற்சி வேண்டும் என்ற நிபந்தனைக்கு அவர் இணங்க மறுக்கவே, அது தளர்த்தப்பட்டது. வயலின் நரம்பின் அதிர்வையும், நம் மிருதங்கத்தின் நாதத்தையும் அவர் ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவு, 1930இல் நோபெல் பரிசைக் கொணர்ந்தது. அறிவியலில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

இவ்வளவும் பலர் அறிந்தது. அறியாத பெயரொன்றை இங்கே குறிப்பிட விழைகின்றோம். இராமனுக்குப் பல்லாண்டு உதவியாளராய் இருந்தவர் அசுதோஷ் தே. அன்பால் ஆசு பாபு என்று அழைக்கப்பெற்றவர். அவர் பல்கலைக்கழகத்தின் படியேறியவர் அல்லர். ஆயினும் கருவிகளைச் செப்பஞ்செய்யும் கைத்திறனும், கண்டதைக் கூர்ந்து நோக்கும் கருத்தும் அவரிடம் இருந்தன. இராமன் அவரை ஏவலாளாகக் கருதினாரில்லை. அவர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக் கட்டுரைகள் வெளியிட்டார். 1919இல் இலண்டன் இராயல் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டிலேயே ஆசு பாபுவின் கட்டுரை வெளிவந்தது. எம்.ஏ. பட்டம் பெற்றவரும் பட்டமே பெறாதவரும் ஒரே மேசையருகே நின்று, ஒரே வினாவுக்கு விடை தேடினர். அந்த மேசையருகே பட்டத்தைப் பற்றிக் கேட்பார் இல்லை.

அதே ஆண்டுகளில் சென்னையில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்ப்போம். இராமனுக்கு ஓராண்டு முன்னதாக, 1887இல், அதே காவிரிக்கரையில் உள்ள ஈரோட்டிற் பிறந்தவர் சீனிவாச இராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால், கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு நிறைவேறாது நின்றது. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தாவானார். தேர்வில் தோற்ற அவரே 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராக உயர்ந்தார். இதைக் கொண்டு, பள்ளியே வேண்டா என்று சிலர் பேசுவதுண்டு. அஃது அரை உண்மை. உடனிருந்து சொல்லுவார் இன்மையால், ஐரோப்பியர் முன்னரே கண்டறிந்த பலவற்றை அவர் தனித்திருந்து மீண்டும் கண்டறிய நேர்ந்தது. இளமையின் அரிய ஆண்டுகள் சில அவ்வாறே கழிந்தன. 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே வழி திறந்தது. 1920இல், முப்பத்திரண்டு வயதில், அவர் மறைந்தார். இழந்த ஆண்டுகளை ஈடு செய்யக் காலம் இடந்தரவில்லை.

ஆகவே வரலாறு நமக்குச் சொல்வது யாது? பள்ளி அறிவுக்குப் பகையன்று. இராமனுக்கு அஃது அடித்தளம் இட்டது. பள்ளியே அறிவுக்கு எல்லையும் அன்று. ஆசு பாபு அதற்குச் சான்று. ஒரு வினாவை நாள்தோறும் மனத்திற் சுமந்து, பயன் கருதாது அதன்பின் செல்பவனே அறிவாளி. அவன் ஆசிரியனாயிருக்கலாம், அதிகாரியாயிருக்கலாம், பட்டறைத் தொழிலாளியாயும் இருக்கலாம். ஆனால் அவனுக்கு இரண்டு துணை வேண்டும்: திறந்த கதவுடைய ஓரிடம், அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் சிலர். இராமானுஜனுக்கு நெடுநாள் கிட்டாததும், இராமனுக்குப் பௌபஜார் தெருவிற் கிட்டியதும் அதுவே.

நம் சங்கம் ஆண்டுதோறும் நாடகமும் இசையும் நடத்துகின்றது, அவை வேண்டுவனவே. ஆனால் நூலக அலமாரியின் பூட்டை மாலைதோறும் திறந்து வைப்பதும் அவற்றுக்குக் குறைந்த பணியன்று. தேர்வில் தவறிய நம் வீட்டுப் பிள்ளை அங்கு வரட்டும். பேரேட்டை மூடிவிட்டு வரும் குமாஸ்தாவும் வரட்டும். ஓய்வு பெற்ற பொறியாளர் அவர்களோடு அமர்ந்து பேசட்டும். வாரம் ஒருநாள் ஒரு நூலோ ஒரு வினாவோ எடுத்துக்கொள்வோம். மகேந்திரலால் தம் கதவைத் திறந்து முப்பத்தோராண்டு கழிந்த பின்னரே இராமன் வந்தார். நம் கதவு வழியே யார் வருவார் என்பதை நாமும் அறியோம். அதுபற்றி நாம் கவலுதல் வேண்டா. கதவு திறந்திருத்தல் வேண்டும்.