ஆழ்கடல் பவளம் தொட்டிக்கு வந்த வரலாறு

பவளம் என்றதும் கதிரவன் ஒளி ஊடுருவும் வெப்பக் கடலும், வண்ண மீன்கள் திரியும் பவளப் பாறைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்பவளங்களின் உடலினுள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கின்றன. ஆனால் ஒளி எட்டாத குளிர்ந்த ஆழ்நீரிலும் பவளங்கள் உண்டு. இவற்றுக்குப் பாசியின் துணை இல்லை. நீரோட்டம் அடித்துவரும் சிற்றுயிர்களை உணரிழைகளால் பிடித்துத் தின்று இவை உயிர் வாழ்கின்றன. இவற்றுள் முதன்மையானது லோஃபீலியா பெர்ட்டூசா என்னும் வெண்பவளம். அண்மைக் காலத்தில் இதனை டெஸ்மோஃபில்லம் பெர்ட்டூசம் என்றும் வழங்குகின்றனர்.

கண்ணால் காண முடியாத ஆழத்தில் வாழும் இவ்வுயிரை மனிதன் எவ்வாறு அறிந்தான்? முதலில் அறிந்தவர்கள் மீனவர்களே. நார்வே நாட்டு மீனவர்களின் வலையிலும் தூண்டிலிலும் வெண்பவளக் கிளைகள் சிக்கி வருவதுண்டு. 1758இல் லின்னேயஸ் இப்பவளத்துக்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1768இல் டிரோண்ட்ஹெய்ம் நகரப் பேராயரான குன்னெரஸ், நார்வேயின் பவளங்களைப் பற்றி எழுதினார். எனினும் அவர்கள் கையில் கிடைத்தவை உயிர் நீங்கிய துண்டுகளே.

பின்னர் விந்தையான ஒரு கருத்து எழுந்தது. 1840களில் பிரிட்டிஷ் இயற்கை அறிஞர் எட்வர்டு ஃபோர்ப்ஸ், ஏஜியன் கடலில் தாம் செய்த ஆய்வுகளைக் கொண்டு, சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரினங்கள் இரா என்று கருதினார். பலரும் இதனை ஏற்றுக்கொண்டனர். 1860இல், சார்டினியாத் தீவையும் வட ஆப்பிரிக்காவையும் இணைத்திருந்த கடலடித் தந்திக் கம்பிவடம் பழுதுபட்டு மேலே தூக்கப்பட்டது. அதில் பவளம் முதலிய உயிரினங்கள் ஒட்டி வளர்ந்திருந்தன! கம்பிவடம் கடலுக்குள் போன பிறகுதானே அவை அதில் ஒட்டியிருக்க முடியும்? ஆழ்கடல் வெறுமையானது என்ற கருத்து ஆட்டம் கண்டது.

இதே காலத்தில்தான் உயிர்களைக் கடல்நீர்த் தொட்டியில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் தோன்றியது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கண்ணாடித் தொட்டிகள் கொண்ட மீன் மனை திறக்கப்பட்டது. இதற்குத் துணை நின்ற ஃபிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் வீடுகளுக்குள்ளும் தொட்டியைக் கொண்டு சென்றது. ஆனால் தொட்டியில் வாழ்ந்தவை கரையோர உயிர்களே. ஆழ்கடல் பவளம் அதனுள் நிலைத்து வாழ மேலும் நெடுங்காலம் ஆயிற்று.

அழுத்தக் குறைவால் அது இறந்துவிடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். பவளத்தின் உடலில் காற்றுப் பை எதுவும் இல்லை. எனவே மேலே கொண்டு வரும்போது அது மீனைப்போல உப்பிப் போவதில்லை. மேலும் லோஃபீலியா ஆழத்தை விடக் குளிரையும் நீரோட்டத்தையுமே நாடுகிறது. டிரோண்ட்ஹெய்ம் கடற்கழியில் அது 39 மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. ஆகவே தொட்டிக்குத் தேவை இருள், ஓடும் நீர், 7, 8 டிகிரி சென்டிகிரேடு அளவில் மாறாத குளிர்ச்சி, நேரம் தவறாத உணவு ஆகியவையே. ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளை இரையாக இடுவர்.

இப்படிப் பேணிப் பார்த்தபோது வலையில் வந்த துண்டு சொல்லாத செய்திகள் வெளிப்பட்டன. நார்வே ஆய்வாளர் மார்ட்டென்சென் ஓராண்டுக்கு மேல் தொட்டியில் கண்டவற்றை 2001இல் வெளியிட்டார். பவளத்துடன் வாழும் யூனிசி என்னும் புழு, சிறு பவளத் துண்டுகளை இழுத்து ஒன்று சேர்ப்பதை அவர் பார்த்தார். புழுவின் கூட்டைச் சுற்றிப் பவளம் சுண்ணாம்பைப் பூச, துண்டுகள் இணைந்து வலுப்பெறுகின்றன. பவளத்திட்டைக் கட்டுவதில் ஒரு புழுவுக்கும் பங்குண்டு!

இதற்குள் மற்றொரு கவலை தலைதூக்கியது. நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து வரும் கரியமில வாயுவில் ஒரு பகுதி கடலில் கரைகிறது. அதனால் கடல்நீரின் பி.எச். எண் குறைகிறது. பவளம் தன் கூட்டைக் கட்டத் தேவையான கார்பனேட்டும் குறைகிறது. குளிர்ந்த ஆழ்நீரில் இக்குறை மேலும் கடுமையாக இருக்கும். இப்பவளங்கள் இதனைத் தாங்குமா?

2009இல் வெளியான ஓர் ஆய்வில், அப்போதுதான் எடுத்த பவளங்களைக் கப்பலிலேயே வைத்துச் சோதித்தனர். பி.எச். 0.15 அளவு குறைந்தபோது சுண்ணாம்பு படியும் வேகம் 30 விழுக்காடும், 0.3 குறைந்தபோது 56 விழுக்காடும் வீழ்ந்தது. விடை அச்சமூட்டியது.

2012இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் ஃபார்ம், ரீபெசல் இருவரும் இதே கேள்வியைத் தொட்டியில் இருமுறை கேட்டனர். ஒரு வாரச் சோதனையில் வளர்ச்சி குன்றியது. ஆறு மாதச் சோதனையிலோ வளர்ச்சி குன்றவில்லை. சற்றே கூடியும் இருந்தது! பவளம் மெல்ல மெல்லப் புதிய நீருக்குப் பழகிக்கொண்டது. கூடு கட்டும் இடத்திலுள்ள நீர்மத்தின் பி.எச். அளவைச் சுற்றியுள்ள நீரை விட உயர்த்தி வைத்துக்கொள்ளும் ஆற்றல் இப்பவளங்களுக்கு உண்டு. அதற்கு ஆற்றல் செலவாகும். ஆற்றலுக்கு உணவு வேண்டும்.

அப்படியானால் அச்சம் நீங்கிவிட்டதா? 2015இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓராண்டுச் சோதனை மூன்றாவது விடையைத் தந்தது. உயிருள்ள பவளம் வளரத்தான் செய்தது. ஆனால் அதன் கூடு நீண்டு மெலிந்தது. அதை விட முக்கியமானது, இறந்த பவளத்தின் நிலை. பவளத்திட்டில் உயிருள்ள பகுதி மேற்பரப்பு மட்டுமே; அதைத் தாங்குவது அடியில் இறந்து நிற்கும் கூடு. அக்கூட்டுக்குப் பழகிக்கொள்ள உயிர் இல்லை. அமிலத்தன்மை மிகுந்த நீரில் அது கரைந்து வலுவிழந்தது. மாடியில் குடியிருப்போர் நலமாக இருக்க, அடித்தளம் அரிக்கப்படுவது போன்றது இது.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஓர் உயிர் தன் வாழ்நாளில் புதிய சூழ்நிலைக்கு இசைவது பழகிக்கொள்ளுதல். பல தலைமுறைகளில் இனமே மாறுவது தகவமைப்பு. பின்னதை அறியப் பவளம் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வேண்டும். டிரோண்ட்ஹெய்ம் கடற்கழியின் பவளங்கள் தொட்டியில் முட்டையிட்டதையும், ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர் அளவுள்ள அம்முட்டைகளிலிருந்து நீந்தும் இளவுயிரிகள் தோன்றியதையும் ஆய்வாளர்கள் 2014இல் விவரித்தனர். தலைமுறை ஆய்வுக்கு இது முதற்படி.

நார்வேயின் ராஸ்ட் பவளத்திட்டு 2002இல் கண்டறியப்பட்டது. அதன் நீளம் 35 கிலோமீட்டருக்கும் அதிகம். இத்தகைய திட்டுகள் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. கடலடியை வாரிச் செல்லும் இழுவலை அவற்றைச் சில மணி நேரத்தில் நொறுக்கிவிடுகிறது. நார்வேயின் பவளத்திட்டுகளில் 30 முதல் 50 விழுக்காடு வரை சேதமுற்றிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. 1999இல் அந்நாடு அவற்றைக் காக்கச் சட்டம் செய்தது.

ஒரு நாள், ஒரு வாரம், ஆறு மாதம், ஓராண்டு எனப் பார்க்கும் காலம் நீள நீள விடையும் மாறிவந்துள்ளது. ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் அளவே வளரும் உயிரை அவசரமாகக் கேட்டால் அது பாதி விடையே சொல்லும். முழு விடைக்குக் காத்திருக்கும் பொறுமை ஆய்வாளருக்கு உண்டு. அது கிடைக்கும்வரை பவளத்தைக் கடலில் விட்டுவைக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உரியது.