வெள்ளியில் வந்த வாரிசுகள்

சென்ற வாரம் அரிக்கமேட்டின் ரோமானியப் பானை ஓடுகளைப் பார்த்தோம். சூளைகளோடு வாழும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு அது சொந்த ஊர்ச் சேதி மாதிரி. இந்த வாரம் நம் கடலூர் மாவட்டத்து மங்களூரிலிருந்து மேற்கே, கொங்கு நாட்டுக்குப் போவோம். ரோம வெள்ளி குவியல் குவியலாகக் கிடைத்தது அங்கேதான்.

1842-இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1891-இலும் 1931-இலும் அதே ஊரில் மறுபடியும் புதையல்! பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்களின் தெனாரியஸ் காசுகள்.

அகஸ்டஸ் காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் இலைமாலை சூடிய பேரரசரின் முகம். பின்பக்கம் இரண்டு இளைஞர்கள். நடுவே கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூசைக் கருவிகள். காயுஸ், லூசியஸ் என்ற அந்த இருவரும் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். ஆண் வாரிசு இல்லாத பேரரசர் அவர்களைத் தத்தெடுத்து, அடுத்து ஆளப்போவது இவர்களே என்று கி.மு. 2 முதல் காசடித்து ஊரறியச் சொன்னார்.

இருவருமே ஆளவில்லை. கி.பி. 2-இல் லூசியஸ் மாண்டார். ஆர்மீனியப் போரில் காயம்பட்ட காயுஸ் கி.பி. 4-இல் போய்ச் சேர்ந்தார். அரியணை வளர்ப்பு மகன் திபேரியஸுக்குப் போனது. வெள்ளலூர்ப் புதையலில் அவருடைய காசுகளும் கலந்திருப்பதால், அதைப் புதைத்தபோது அந்த இளவரசர்கள் இறந்து பத்தாண்டுகளாவது ஆகியிருக்கும்.

நம் வணிகர்களுக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை. அவர்கள் பார்த்தது வெள்ளியின் தரத்தை. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ காசில் வெள்ளியைக் குறைத்துக் கலப்படம் செய்த பிறகு வந்த தெனாரியஸ்கள் இங்கே மிக அரிது. பழைய இளவரசர் காசுக்கோ அத்தனை மதிப்பு. இந்தியாவிலேயே அதைப் பார்த்துப் போலியும் அடித்தார்கள். லத்தீன் தெரியாத கைகள் வெட்டிய அச்சு என்பதை அவற்றின் குழம்பிய எழுத்துகளே காட்டிக்கொடுக்கின்றன. அந்தப் போலிகளும் நம் வரலாற்றுச் சான்றுகள்தான் என்பேன்.

மங்களூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். மக்காச்சோளக் கொல்லையிலோ கிணறு வெட்டும்போதோ பழங்காசு கிடைத்தால் உருக்கிவிடாதீர்கள், தேய்த்துக் கழுவவும் வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.