கிஸ்ஸாவிலிருந்து நாவலுக்கு: புனைகதைச் சொற்களின் வழியே அசன்பே

"இது நடந்ததா, கட்டினதா?"

சின்ன வயதில் மூத்தம்மா கிஸ்ஸா சொல்லி முடித்ததும் நாங்கள் கேட்கும் கேள்வி இதுதான். "நடந்தா என்ன, கட்டினா என்ன, புத்தி வந்தாச் சரிதானே மகன்" என்பது அவவின் மறுமொழி. புனைகதையை ஆராயப் புகும் எவரும் முதலில் எதிர்கொள்வதும் இக்கேள்வியையே. இன்று மாணவர்கள் கதைக்கோப்பு, பாத்திரம், களம், எடுத்துரைப்பு என்னும் சொற்களைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். அவை எந்தத் தேவையிலிருந்து பிறந்தன என்பதை அறியாததால், பழைய நூல் ஒன்று கையில் கிடைத்தால் அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'க்கு நேர்ந்தது இதுதான். "அது கதைதான், நாவல் இல்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவோரை இலக்கியக் கூட்டங்களில் இன்றும் சந்திக்கிறோம்.

முதலில் கிஸ்ஸா என்ற சொல்லைப் பார்ப்போம். அதன் அரபு வேருக்கு அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்லுதல் என்று பொருள். அல்குர்ஆனின் 28ஆவது ஸூராவின் பெயர் அல்கஸஸ். ஆற்றில் விடப்பட்ட குழந்தை மூஸா (அலை) அவர்களைப் பின்தொடர்ந்து போகும்படி தாய் தன் மகளிடம் சொல்லுமிடத்தில் வருவதும் இதே வேர்ச்சொல்லே. 12ஆவது ஸூராவான யூசுப், தான் சொல்லும் வரலாற்றை வரலாறுகளில் மிக அழகியது என்கிறது. ஆகவே ஒருவரின் தடத்தைப் படிப்படியாகத் தொடர்ந்து போவதே கிஸ்ஸா. தமிழ் முஸ்லிம் புலவர்கள் இச்சொல்லை எடுத்து, நபிமார் வரலாற்றைச் சொன்ன யூசுப் நபி கிஸ்ஸாவுக்கும் கற்பனை மிகுந்த சைத்தூன் கிஸ்ஸாவுக்கும் ஒருங்கே வழங்கினார்கள். நடந்ததும் கட்டினதும் ஒரே பெயருக்குள் அடங்கின.

நம் புலவர்களிடம் வேறு வகைப்பெயர்களும் இருந்தன. வினாவும் விடையுமாக அமைந்தது மசலா. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிரம் மசலா அதற்குச் சான்று. நாமா பாரசீகத்திலிருந்து வந்தது. போர்க்களத்தைப் பாடுவது படைப்போர். இவையெல்லாம் நூலின் வகையைக் குறித்த பெயர்கள். நூலுக்குள்ளே நிகழ்வதைப் பிரித்துக் காட்டும் சொற்கள் அல்ல.

கட்டுக்கதைக்குத் தமிழிலக்கணத்தில் இடமே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தொல்காப்பியம் உரைநடையை நான்காக வகுக்கும்போது பொய்யாகப் புனைந்து சொல்வதையும் ஒரு வகையாக வைக்கிறது. உரையாசிரியர் பேராசிரியர் இதற்கு யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையை உதாரணம் காட்டுகிறார். யாரையும் ஏமாற்றுவதற்காகச் சொல்லப்படாத 'பொய்' அது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது புனைவென்று தெரியும். பொய்ச்சாட்சிக்கும் புனைகதைக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்திலேதான் இருக்கிறது. மூத்தம்மாவின் மறுமொழியும் ஏறத்தாழ இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சும் ஆங்கிலக் கல்வியும் பரவியபோது புதிய உரைநடைக் கதை பிறந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று முன்னோடிகள் தடுமாறியதை நூற்தலைப்புகளே காட்டுகின்றன. 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம், 1896இல் நூலான கமலாம்பாள் சரித்திரம், 1898இல் பத்மாவதி சரித்திரம். முழுக்க முழுக்கக் கற்பனையான நூல்களுக்குச் 'சரித்திரம்' என்று பெயர்! ஈழத்திலோ 1885இல் அசன்பேயுடைய கதை, 1891இல் ஊசோன் பாலந்தை கதை. இவற்றை நாவல் என்று நாம் அழைப்பது பின்னாலிருந்து பார்த்து இட்ட பெயர்.

இனி அந்த நான்கு சொற்களையும் அசன்பேயின் மேல் வைத்துப் பார்ப்போம்.

கதை என்பது என்ன நடந்தது என்பது. கதைக்கோப்பு என்பது ஏன் நடந்தது என்பது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியவர்களுள் ஈ. எம். போஸ்டர் முக்கியமானவர், அவரது நாவல் பற்றிய நூல் 1927இல் வெளிவந்தது. எகிப்தில் பிறந்த குழந்தை கடத்தப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, கல்கத்தா போகிறது, ஈற்றில் தன் குடும்பத்தை அடைந்து உயர்வு பெறுகிறது. இதில் காரணத்தைவிடத் தற்செயலே கூடுதலாக வேலை செய்கிறது. அது குறைதான். ஆனால் பிரிந்த பிள்ளையின் தடத்தைப் பிடித்துச் செல்லும் கிஸ்ஸாவின் அமைப்பு இதிலே அப்படியே இருக்கிறது. சித்திலெப்பை தெரியாமல் பிழை விட்டார் என்பதைவிட, தன் வாசகர்கள் பழகியிருந்த பாதையிலேயே புதிய சாமானை ஏற்றினார் என்பதே பொருத்தம்.

பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என்று பிரித்தவரும் போஸ்டர்தான். அசன் தட்டையானவன். நல்லவனாகத் தொடங்கி நல்லவனாகவே முடிகிறான். படைப்போர் வீரர்களும் அப்படித்தான். ஆனால் அசன் வாளால் மட்டும் உயரவில்லை, கல்வியால் உயர்கிறான். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று சமூகத்தோடு மல்லுக்கட்டிய மனிதர் அந்த வீரனுக்குள் ஒரு மாணவனை வைத்தார். தட்டையான பாத்திரத்திலும் புதுமை இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

அடுத்தது களம். எங்கே, எப்போது என்பது. இலங்கையர் எழுதிய நாவலில் இலங்கை இல்லையே என்பது பழைய குற்றச்சாட்டு. 1883 ஜனவரியில் எகிப்தின் அராபி பாஷாவும் தோழர்களும் நாடு கடத்தப்பட்டு கொழும்புக்கு வந்ததை நினைத்தால் குற்றச்சாட்டு வலுவிழக்கும். சித்திலெப்பை அவரோடு சேர்ந்து கல்விப் பணியில் இறங்கினார். அன்றைய கொழும்பு, கண்டி முஸ்லிம்களுக்குப் பாஷாவும் பேயும் கண்ணால் கண்ட மனிதர்கள். கெய்ரோ அவர்களுக்கு அவ்வளவு தூரத்து ஊரல்ல.

எடுத்துரைப்பு என்பது கதையை யார் சொல்கிறார் என்பது. இதற்கு அசன்பேயைவிடப் பிரதாப முதலியாரே தெளிவான உதாரணம். அதில் 'நான்' என்று பேசுபவர் பிரதாப முதலியார். எழுதிய வேதநாயகம் பிள்ளையோ கிறிஸ்தவர், முன்சீப். சொல்பவரும் எழுதியவரும் ஒருவரல்லர். இதை மறந்தால், கதாபாத்திரம் சொன்ன வார்த்தைக்கு எழுத்தாளனைக் கூண்டில் ஏற்றிவிடுவோம். நம் சமூகத்தில் இது வெறும் வகுப்பறைப் பிரச்சினையல்ல. ஒரு சிறுகதைக்காக ஊரோடு பகையானவர்கள் உண்டு. மார்க்கத்தைப் பழிக்கும் ஒருவனைக் கதையில் காட்டுவதும் மார்க்கத்தைப் பழிப்பதும் ஒன்றல்ல என்று விளங்க இந்த ஒரு சொல்லாவது வேண்டும்.

பின்னாளில் இன்னொரு சொல்லும் முக்கியமானது: பேச்சுமொழி. 1960களில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தில் மக்கள் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் ஒதுக்கினர். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றனர். அந்த விவாதம் திறந்த வழியில் முஸ்லிம் பேச்சும் உள்ளே வந்தது. திக்குவல்லை கமாலின் கதைகளில் தென்னிலங்கை முஸ்லிம்களும், எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யில் கிழக்கு மக்களும் சொந்த நாக்கால் பேசினார்கள். அசன்பேயிடம் இல்லாத களமும் குரலும் இவர்களிடம் கிடைக்கின்றன. ஆனால் அவர் போட்ட தடத்தில்தான் இவர்களும் நடந்து வந்தார்கள்.

கலைச்சொற்கள் தீர்ப்புச் சொல்ல வந்தவையல்ல, கேள்வி கேட்க வந்தவை. ஏன் நடந்தது, யாருக்கு, எங்கே, யார் சொல்கிறார், எந்த நாக்கால்? இந்த ஐந்தையும் கேட்ட பிறகு அசன்பே நாவலா இல்லையா என்று வாதாடுங்கள். கேட்காமல் நூலை ஒதுக்கினால், இழப்பு சித்திலெப்பைக்கு அல்ல, எங்களுக்குத்தான்.